பிளாட்பாரத்துல தூங்குற ஒருத்தரோட பழகறது எப்படி: பாரிமுனையில நான் கத்துக்கிட்டது

வசதியா இருக்கற என் ஃப்ரெண்ட்ஸ் நாலஞ்சு பேரு இந்த வருஷம் ஒரே கேள்விய கேட்டுட்டாங்க. "வியாழக்கிழமை நைட்டு பாரிமுனை பக்கம் பிளாட்பாரத்துல படுக்கறவங்கள பாக்க போறியே, நானும் வரேன், என்ன வாங்கிட்டு வரணும்?" ஒன்னுமே வாங்கிட்டு வராதீங்கன்னு சொன்னா முகம் மாறுது. சும்மா கைய வீசிட்டு எப்படி போறதுன்னு கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்றதுக்கு மொத்தமா எழுதி வெச்சிடலாம்னு உக்காந்துட்டேன்.

நான் யாருன்னு சொல்லிடறேன். எங்களுக்கு சென்னை பாரிமுனையில ஹார்ட்வேர் ஹோல்சேல் கடை, தாத்தா ஆரம்பிச்சது. வீடு கீழ்ப்பாக்கத்துல. அடுத்த வேளை சாப்பாட்டுக்கு என்ன பண்றதுன்னு எங்க வீட்ல மூணு தலைமுறையா யாரும் யோசிச்சதில்ல. அத மறைச்சுட்டு இத எழுதறதுல அர்த்தம் இல்ல. 2021ல ஒரு தெரிஞ்சவர் மூலமா, ராத்திரில பிளாட்பாரத்துல இருக்கறவங்கள பாத்து பேசிட்டு வர்ற ஒரு குரூப்ல வாலன்டியரா சேந்தேன். அங்கதான் பெரியவர பாத்தேன். அவர் பேர போடல, போடலாமான்னு கேட்டதுக்கு "வேணாம் தம்பி, ஊர்ல யாராச்சும் படிப்பாங்க"ன்னுட்டார். எங்க கடையிலேர்ந்து ரெண்டு ஷட்டர் தள்ளி அப்பவே 11 வருஷமா படுத்துட்டிருந்தவர். நான் எட்டு மணிக்கு பூட்டிட்டு கிளம்புவேன், அவர் ஒன்பதரைக்கு வருவார். அந்த ஒன்றரை மணி நேர இடைவெளியில 11 வருஷம் ஒருத்தர ஒருத்தர் பாக்காம போயிருக்கோம்னு நான் நெனச்சேன். மூணாவது வாரம் அவர் சொன்னார், "உங்க அப்பா வெள்ள அம்பாசடர்ல வருவாரு, எறங்கறதுக்கு முன்னாடி வெத்தலய துப்பிட்டுத்தான் எறங்குவாரு." பாக்காம இருந்தது நான் மட்டும்தான்.

சரி, விஷயத்துக்கு வரேன்.

முதல்ல தனியா போகாதீங்க. உங்க தைரியத்த பத்தி இல்ல, அவங்க நிம்மதிய பத்தி சொல்றேன். ராத்திரி பதினோரு மணிக்கு தெரியாத ஆளு கார்ல வந்து எறங்கி தலமாட்டுல நின்னா யாருக்குதான் பயமா இருக்காது? சென்னை மாநகராட்சியோட வீடற்றோர் காப்பகங்கள தொண்டு நிறுவனங்கள்தான் நடத்துறாங்க, பகல்ல ஒரு காப்பகத்துக்கு நேரா போய் வாலன்டியரா வரணும்னு கேளுங்க. அவங்க ஆளுங்களுக்கு எந்த தெருவுல யாரு, யாருக்கு உடம்பு சரியில்ல, யார்கிட்ட பேசலாம், யாருக்கு பேச புடிக்காதுன்னு எல்லாம் தெரியும். முதல் ஒரு மாசம் அவங்க பின்னாடியே போங்க. கார தூரமா நிறுத்திட்டு நடந்து வாங்க. பணம் இருக்கறத ஒளிச்சு வெக்க சொல்லல, கேட்டா உண்மையத்தான் சொல்லணும், ஆனா கார் ஹெட்லைட்டு மூஞ்சில அடிச்சு ஒருத்தர எழுப்பக் கூடாது இல்லையா.

கை வீசிட்டு போங்கன்னு ஏன் சொல்றேன்னா, முதல் தடவ நான் 60 சாம்பார் சாத பொட்டலம் எடுத்துட்டு போனேன். அன்னைக்கு அமாவாசை. அமாவாசை, ஞாயித்துக்கிழமை, யாரோட பொறந்த நாளு, நினைவு நாளுன்னு சாப்பாடு வந்து குவியும்னு எனக்கு தெரியாது. எனக்கு முன்னாடி மூணு வண்டி வந்து போயிருக்கு. பத்தரை மணிக்கு எல்லாரும் படுத்தாச்சு, எழுப்பி எழுப்பி குடுத்தேன். மரியாதைக்கு வாங்கி தலமாட்டுல வெச்சுக்கிட்டாங்க, காலைல நாய் இழுத்து போட்டிருந்தது, கூட்டறவங்கதான் திட்டிக்கிட்டே அள்ளினாங்க. அம்மா உணவகம் 2013ல ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு ரூவாய்க்கு இட்லி, அஞ்சு ரூவாய்க்கு சாம்பார் சாதம், மூணு ரூவாய்க்கு தயிர் சாதம் கெடைக்குது, வேலைக்கு போற பல பேரு அங்க காசு குடுத்து சாப்பிட்டுட்டுத்தான் வந்து படுக்கறாங்க. நீங்களா ஒன்ன முடிவு பண்ணி தூக்கிட்டு போகாம, ரெண்டு மூணு வாரம் பேசிட்டு என்ன வேணும்னு கேளுங்க. நான் கேட்டப்ப பெரியவர் சொன்னது கொசுவத்தி. அப்புறம், போன் சார்ஜ் போட ஒரு எடம். டீக்கடைல சார்ஜ் போட்டா ஒரு டீ குடிச்சே ஆகணும், மூணு பேரு வரிசைல நின்னா மூணு டீ. இப்ப எங்க கடை வாசல்ல ஒரு பிளக் பாயின்ட் இருக்கு, ராத்திரி ஆறேழு போன் தொங்கும். இதுக்கு எனக்கு ஆன செலவு ஒரு சாம்பார் சாத ட்ரிப்ப விட கம்மி.

அங்க போய் எப்படி நடந்துக்கறதுன்னு கேட்டா, உக்காருங்க, அதான் பெரிய விஷயம். நின்னுக்கிட்டு குனிஞ்சு பேசாதீங்க. எங்க உக்கார்றோம்னும் பாக்கணும். பெரியவரோட படுக்கைய கிட்டக்க பாத்தா புரியும். கீழ ஒரு பழைய பிளெக்ஸ் பேனர், எழுத்து இருக்கற பக்கம் கீழ, வெள்ள பக்கம் மேல. அதுக்கு மேல கோணி, அதுக்கு மேல ஒரு நீலக்கோடு போட்ட பெட்ஷீட்டு. தலமாட்டுல துணி மூட்டை, மூட்டையோட காத அவர் கைல சுத்திக்கிட்டுதான் தூங்குவார். கால் பக்கம் செருப்பு ரெண்டும் கவுத்து வெச்சு, பக்கத்துல தண்ணி பாட்டில். அந்த பேனரோட ஓரம் இருக்கே, அதுதான் அவர் வீட்டு வாசப்படி. நான் முதல் நாள் ஷூவோட அதுல ஒரு கால வெச்சுட்டேன். அவர் ஒன்னும் சொல்லல, நான் போனதும் ஈரத்துணி வெச்சு தொடைச்சார்னு பக்கத்துல படுக்கற அக்கா ஒரு வருஷம் கழிச்சு சொல்லுச்சு. இப்ப செருப்ப கழட்டிட்டு "உக்காரலாமாண்ணே"ன்னு கேட்டுட்டுதான் உக்கார்றேன். உங்க வீட்டுக்கு வர்றவங்க எப்படி வரணும்னு நெனைப்பீங்களோ அப்படி போங்க.

கூப்பிடற விதம். வயசுல பெரியவங்கன்னா அண்ணே, ஐயா, அம்மா, அக்கா. அழுக்கு சட்டைய பாத்ததும் நம்ம வாயில தானா "வா, போ" வந்துடுது, அத கவனிச்சு நிறுத்தணும். அவர் என்ன முதல்ல "மொதலாளி"ன்னுதான் கூப்பிட்டார், பாரிமுனையில கடை வெச்சிருக்கற எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. அப்படி கூப்பிடாதீங்கன்னு நான் ரெண்டு தடவ சொன்னேன், அது தப்பு, அவருக்கு சங்கடமாத்தான் ஆச்சு. அவங்க எப்படி கூப்பிடணும்னு நம்ம சொல்ல வேண்டாம். அஞ்சாவது மாசம் ஒரு நாள் தானாவே "தம்பி, அந்த தண்ணி பாட்டில எடு"ன்னார். எடுத்து குடுத்தேன். அதப் பத்தி ரெண்டு பேரும் ஒன்னும் பேசிக்கல.

எதப் பேசறது? ஏன் இங்க வந்தீங்க, குடும்பம் இல்லையா, புள்ளைங்க பாக்கலையா, இதெல்லாம் கேக்கவே கேக்காதீங்க. அவங்களா சொல்ற வரைக்கும் அது உங்க விஷயம் இல்ல, ஏற்கனவே நோட்டும் பேனாவுமா வந்து பத்து பேரு அதையே கேட்டுட்டு போயிருப்பாங்க. வேலைய பத்தி பேசுங்க. பிளாட்பாரத்துல இருக்கறவங்க வேலை செய்யாதவங்கன்னு நெனைக்கறவங்க ஒரு நாள் அதிகாலை நாலு மணிக்கு அங்க வந்து பாருங்க. மீன்பாடி வண்டி ஓட்றவங்க, லோடு எறக்கறவங்க, பேப்பர் பொறுக்கறவங்க, கல்யாண சமையலுக்கு போறவங்க. பெரியவர் சின்ன வயசுல கொத்தவால்சாவடில மூட்டை தூக்கினவர். 1996ல மார்க்கெட் கோயம்பேட்டுக்கு போனதும் கொஞ்ச நாள் அங்க போய் வந்தார், அங்க புதுசா ஆளுங்க, புதுசா சங்கம், இடுப்பு வேற போச்சு. அப்புறம்தான் கேட்டரிங். எலை போடறது, தண்ணி வெக்கறது, பாத்திரம் கழுவறது, அண்டா தூக்கறது. முகூர்த்த நாள் எல்லாம் அவருக்கு காலண்டர் இல்லாமலே தெரியும். ஆடியும் மார்கழியும் வந்தா வேலை கெடையாது, அந்த ரெண்டு மாசம்தான் உண்மையான கஷ்டம். இது தெரிஞ்சதுக்கப்புறம் நான் என்ன உதவி பண்ணாலும் ஆடி, மார்கழிய கணக்கு பண்ணித்தான் பண்றேன். உதவி பண்ணணும்னு நெனைக்கறவங்க அந்த மாசங்கள மறக்காதீங்க.

சமையல்னு ஆரம்பிச்சா அவர் நிறுத்த மாட்டார். 200 பேருக்கு சாம்பார் வெக்கறப்ப பருப்பு அடி புடிச்சா உடனே கரண்டிய விட்டு கிண்டாம மேலாக்க மெதுவா வேற அண்டாவுக்கு மாத்திடணும், கிண்டினா மொத்தமும் போச்சுன்னு கைய வெச்சு காட்டுவார். என் பொண்டாட்டிகிட்ட போய் சொன்னேன், அவளும் இப்ப அதான் பண்றா. எங்க வீட்டு சமையல்ல அவருக்கும் ஒரு கை உண்டு.

ஒரே நாள், ஒரே நேரம், அதுல மட்டும் வெளையாடாதீங்க. வியாழன் ஒன்பதே முக்கால்னா ஒன்பதே முக்கால். வர முடியாதுன்னா முன்னாடி வாரமே சொல்லிடுங்க. ரெண்டாவது வருஷம் நான் சொல்லாம கொள்ளாம மூணு வாரம் வெளியூர் போயிட்டேன், பிசினஸ் வேலை, ஞாபகமே வரல. திரும்பி வந்தப்ப சாதாரணமாத்தான் பேசினார். பக்கத்து அக்காதான், "மூணு வியாழக்கிழமையும் ஒரு பொறை பிஸ்கட்ட பேப்பர்ல சுத்தி வெச்சிருந்தாரு, உனக்கு புடிக்கும்னு"ன்னு சொல்லுச்சு. பெத்தவங்க, கூடப்பொறந்தவங்க, முதலாளி, மேஸ்திரின்னு எத்தன பேரு வரேன்னுட்டு வராம போயிருப்பாங்க அவர் வாழ்க்கையில. அந்த லிஸ்ட்ல நானும் சேந்துட்டேன். பழையபடி ஆகறதுக்கு ரெண்டு மாசம் ஆச்சு. வாரா வாரம் கரெக்டா வர முடியாதுன்னு தெரிஞ்சா மாசத்துக்கு ஒரு தடவன்னு சொல்லுங்க, அதுல ஒன்னும் குறைச்சல் இல்ல, சொன்ன நாள்ல வந்தா போதும்.

இப்ப பணம். எல்லாரும் தயங்கி தயங்கி கேக்கறது இதான்.

முதல் சில மாசம் கைல காசு குடுக்காதீங்க, இது என் அபிப்பிராயம். குடுத்துட்டா அதுக்கப்புறம் உங்க பேச்சு எல்லாமே காசுக்கு முன்னாடி, காசுக்கு பின்னாடின்னு ஆயிடும். கூட இருக்கற மத்தவங்களுக்கும் அவருக்கும் நடுவுல சண்டை வரும், ராத்திரி அவர் மூட்டைல யாராச்சும் கை வெப்பாங்க. பழகின பிறகு கடனா கேட்டா கடனா குடுங்க. பெரியவர் ஒரு தடவ 400 ரூவா கேட்டார், பந்தி பரிமாற போனா கூலி கொஞ்சம் அதிகம், ஆனா கருப்பு பேண்டும் வெள்ள சட்டையும் இருந்தாத்தான் சேத்துப்பாங்க. குடுத்தேன். மூணாவது வாரம் 150 ரூவாய எடுத்து நீட்டினார். நான் பெருந்தன்மைன்னு நெனச்சு "இருக்கட்டும்ணே, வெச்சுக்கோங்க"ன்னேன். அந்த நோட்ட என் முட்டி மேல வெச்சுட்டு ரோட்ட பாத்து உக்காந்துட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு, "நீ வாங்கிக்கலன்னா அடுத்த தடவ நான் எப்படி கேப்பேன்?"ன்னார். வாங்கி பாக்கெட்ல வெச்சேன். இன்னொரு 150, அப்புறம் ஒரு 100. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் நாலு தடவ கடன் வாங்கி நாலு தடவையும் அடைச்சிருக்கார். டீயும் அப்படித்தான், ஒரு வாரம் நான், ஒரு வாரம் அவர். உங்க பர்ஸ்ல எவ்ளோ இருந்தாலும் அவர் டீ வாங்கித் தர்ற வாரம் பர்ஸ தொடாதீங்க. அந்த டீய ரசிச்சு குடிங்க. "உங்களுக்கு எதுக்கு செலவு"ங்கற வார்த்தை வாயிலயே வரக்கூடாது.

குடிச்சிருந்தா என்ன பண்றதுன்னும் கேக்கறாங்க. அன்னைக்கு பேச்ச கொறைச்சுட்டு, தண்ணி குடிக்க வெச்சு, ரோட்டு ஓரத்துலேர்ந்து உள்பக்கமா படுக்கறாரான்னு பாத்துட்டு வந்துடுங்க. அடுத்த வாரம் அத எடுத்து பேசாதீங்க. நம்ம ஆளுங்க கிளப்புல குடிக்கறப்ப நம்ம அட்வைஸ் பண்றதில்ல.

போட்டோ எடுக்கவே கூடாது. ஆள் தெரியாம, மூஞ்ச மறைச்சு, முதுகு பக்கம்னு எதுவும் வேண்டாம். ஊர்ல பொண்ணுக்கு மாப்ள பாத்துட்டிருப்பாங்க, அப்பா மெட்ராஸ்ல ஹோட்டல்ல வேலை பாக்கறார்னு சொல்லி வெச்சிருப்பாங்க. உங்க ஒரு ஸ்டேட்டஸ் அத கெடுத்துடும்.

பணத்த விட உங்களால நெஜமா செய்ய முடியறது பேப்பர் வேலை. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ஃபார்ம் நிரப்பவும், கவுன்டர்ல நின்னு ரெண்டு தடவ கேக்கவும் தெரியும், யாரும் நம்மள வெளிய போன்னு சொல்றதில்ல, அத அவங்களுக்காக செலவு பண்ணுங்க. ஆதாருக்கு முகவரி இல்லையேன்னு விட்டுடாதீங்க, அங்கீகாரம் உள்ள காப்பகத்துல தங்கியிருந்தா அவங்க தர்ற சான்றிதழ வெச்சு எடுக்கலாம். பேப்பர் ஒன்னுமே இல்லாதவங்களுக்கு பேங்க்ல சிறு கணக்குன்னு ஒன்னு இருக்கு, போட்டோ குடுத்து கையெழுத்தோ கைநாட்டோ வெச்சா போதும், 50,000 ரூவா வரைக்கும் வெச்சுக்கலாம், மாசம் 10,000 வரைக்கும் எடுக்கலாம். முதல் கவுன்டர்ல அப்படி ஒன்னும் இல்லன்னு சொன்னா மேனேஜர பாருங்க. வோட்டர் ஐடிக்கு படிவம் 6. வீடு இல்லாதவங்க முகவரி சான்று தர வேண்டியதில்ல, படுக்கற எடத்த எழுதிக் குடுத்தா போதும், தேர்தல் அலுவலர் ராத்திரில வந்து அந்த ஆளு அங்கதான் தூங்குறாரான்னு ஒரு நாளைக்கு மேலயே வந்து பாக்கணும்னு விதி. பெரியவருக்கு அப்படித்தான் கெடச்சுது. 2024 ஏப்ரல் 19ஆம் தேதி ஓட்டு போட்டுட்டு மை வெச்ச விரல வேன்ல இருந்த எல்லார்கிட்டயும் காட்டிக்கிட்டே சமையல் வேலைக்கு போனார்.

எல்லா பேப்பருக்கும் ஒரு செட் ஜெராக்ஸ் உங்ககிட்ட இருக்கணும், ஒரிஜினல் அவர்கிட்டதான். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப அவர் மூட்டை மொத்தமும் தண்ணில போச்சு, அந்த ஜெராக்ஸ் இருந்ததாலதான் திரும்ப எடுக்க முடிஞ்சது. உங்க போன் நம்பர அவர் மனப்பாடம் பண்ணிக்கட்டும். தூங்குறப்ப போன் திருட்டு போறது அங்க சாதாரணம், போன்ல சேவ் பண்ண நம்பரும் அதோட போயிடும்.

உடம்பு சரியில்லன்னா 108. ஆனா ஆம்புலன்ஸ்ல ஏத்தி விட்டுட்டு வீட்டுக்கு போயிடாதீங்க, பெரியாஸ்பத்திரில கூட ஒரு ஆள் இருந்தாத்தான் ஸ்கேனுக்கு தள்ளிட்டு போறது, மருந்து வாங்கறது எல்லாம் நடக்கும். "பேஷன்ட்டுக்கு நீங்க என்ன வேணும்?"னு கேட்டா என்ன சொல்றதுன்னு முன்னாடியே யோசிச்சுக்கோங்க. நான் தம்பின்னுதான் எழுதினேன். மனநலம் பாதிக்கப்பட்டு தன்ன கவனிச்சுக்க முடியாம திரியறவங்கள பாத்தா, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அவங்கள பாதுகாப்பா அழைச்சுட்டு போய் 24 மணி நேரத்துக்குள்ள அரசு மருத்துவமனைல காட்ட வேண்டியது போலீஸோட கடமை, லாக்கப்ல வெக்கக் கூடாது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கு, பொண்ணுங்கன்னா 1993லேர்ந்து வேலை செய்யற பேனியன் (The Banyan)ங்கற தொண்டு நிறுவனம் இருக்காங்க. ஆலோசனைக்கு 14416. இத நீங்களே சமாளிக்க பாக்காதீங்க.

காப்பகத்துக்கு போங்கன்னு வற்புறுத்தவும் வேண்டாம். லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், 24 மணி நேரமும், வருஷம் முழுக்க இருக்கணும்னு 2010ல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு, இருக்கறதும் பல பேருக்கு பெரிய ஆறுதல்தான். நானும் பெரியவர கூட்டிட்டு போய் காட்டினேன், சுத்தமாத்தான் இருந்துச்சு. நாலு நாள் தங்கிட்டு திரும்பி வந்துட்டார். எனக்கு கோவம். அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சுது, சமையல் வேன் அதிகாலை மூணரைக்கு எங்க தெரு முனையில வந்துதான் ஆள் ஏத்தும், காப்பகத்துலேர்ந்து அந்த நேரத்துக்கு வர பஸ் கெடையாது, நாலு நாளும் வேலை போச்சு. நம்ம கண்ணுக்கு பிடிவாதமா தெரியறதுக்கு பின்னாடி பெரும்பாலும் இப்படி ஒரு கணக்கு இருக்கும், கேட்டா சொல்லுவாங்க.

கடைசியா, வீட்டு விசேஷத்துக்கு கூப்பிடலாமான்னு. கூப்பிடுங்க, ஆனா தெளிவா கூப்பிடுங்க. போன வருஷம் என் தங்கச்சி பொண்ணு காதுகுத்து, அண்ணா நகர்ல மண்டபம். பத்திரிகைய கைல குடுத்து வாங்கண்ணேன்னேன். பத்திரிகைய திருப்பி திருப்பி பாத்துட்டு, "வேலைக்கா தம்பி, விருந்துக்கா?"ன்னார். விருந்துக்குன்னு சொன்னேன். கருப்பு பேண்ட், வெள்ள சட்டையோடதான் வந்தார், அதான் அவர்கிட்ட இருக்கற நல்ல துணி. வாசல்ல எங்க சித்தப்பா அவர பரிமாறுற ஆளுன்னு நெனச்சு சமையல்கட்டு பக்கம் கை காட்ட, நான் ஓடிப் போய் கைய புடிச்சு கூட்டிட்டு வந்து முதல் வரிசைல உக்கார வெச்சேன். பந்தில என் பக்கத்துல உக்காந்தார். எலைல உப்பு வெக்காம பையன் தாண்டி போறப்ப மட்டும் அவர் கை தன்னால எழுந்துச்சு, அப்புறம் மடியில வெச்சுக்கிட்டார்.

சாப்பிட்டுட்டு நேரா மொய் எழுதற டேபிளுக்கு போனார். 101 ரூவா. எழுதற மாமா பேர கேட்டார், சொன்னார். "எந்த ஊரு?" கொஞ்சம் யோசிச்சுட்டு, "பாரிமுனைன்னு எழுதுங்க"ன்னார். நோட்டுல அப்படியே இருக்கு.

மொய் வாங்கினா திருப்பி செய்யணும் இல்லையா, உங்க வீட்ல அடுத்த விசேஷம் என்னண்ணேன்னு ஒரு வியாழக்கிழமை கேட்டேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் திருவண்ணாமலை பக்கம் ஒரு கிராமத்து பேர சொன்னார், நாலு வருஷத்துல அந்த பேர நான் கேட்டதே இல்ல. குலசாமி கோயில்ல ஒரு பொங்கல் வெக்கணும், ஆடில வேலையும் இருக்காது, நீயும் வான்னார். பஸ்லதான் போறோம். போறப்ப டிக்கெட் அவர், வர்றப்ப நான்.